அணைக்குமுன் ஒரு நிமிடம்

கம்பம் கார் ஸ்டாண்டில் அம்மாவாசி வண்டி வருவதைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்க முடியாது என்பார்கள். தபால் ஆபீஸ் முக்குத் திரும்பியதும் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிடுவார். அந்தப் பழைய டீசல் அம்பாசடர் மிச்ச வேகத்திலேயே உருண்டு வந்து, வேப்பமரத்தடியில் தன் இடத்தில், பிரேக்கைத் தொடாமலே நிற்கும். நின்ற மறுகணம் சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும். வெற்றிலையைக் கையில் எடுத்தவன் வாயில் வைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

டீசல் மிச்சம் பிடிக்க ஆரம்பித்த பழக்கம் அது. பிறகு அழகுக்கென்று ஆகிவிட்டது. அதற்கு நேர்மாறான காரியமும் அந்த ஸ்டாண்டில் உண்டு. நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பேட்டரி செத்துவிட்டது, அணைத்தால் திரும்பக் கிளம்பாது, தள்ளிவிட ஆள் வேண்டும். அப்படி ஒருவன் சிக்கினால் ராஜபாண்டிக்குத் தீபாவளி. அவரும் ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறவர்தான், அம்மாவாசி வயதுதான். மடித்துக் கட்டிய வேட்டியோடு மெதுவாக நடந்து போய்க் கண்ணாடியைத் தட்டுவார்.

"ஏப்பா, தள்ளுறதுக்கு இங்கன இருக்கிற ஆளு போதுமா, இல்ல அனுமந்தன்பட்டியிலருந்து வரச் சொல்லவா?"

அந்தச் சிரிப்பில் ஒருமுறைகூட மாட்டாதவர் அம்மாவாசி. மயிலாடும்பாறையிலிருந்து லாரி கிளீனராக வந்தவர், தானாக வண்டி பழகியவர். நிலம் கிடையாது, படிப்பு கிடையாது. இந்த ஒரு பெயர்தான் அவர் சம்பாத்தியம். அதைக் கொண்டுதான் ஏலக்காய் வியாபாரி உமர் பாருக்கின் தகப்பனாரிடம் வேலைக்குச் சேர்ந்து, அவருடைய அந்த அம்பாசடரை ஓட்டினார். தகப்பனார் காலமான பிறகு மகனுக்கும் அவரே டிரைவர். அவருடைய மனைவி முனீஸ்வரி ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி எடுத்தவள். உமர் பாருக்கின் தாயார் ஜெய்த்தூன் பீவிக்கு மூச்சிரைப்பு முற்றியபோது, அவரைக் கவனித்துக்கொள்ள அவளையே வைத்துக்கொண்டார்கள். ஆக, புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டுச் சோறு.

இரண்டாயிரத்து இரண்டில் உமர் பாருக் புது டீசல் கார் வாங்கினார். பின்பக்கம் 'டர்போ' என்று எழுதியிருந்தது. மதுரையில் வண்டியைக் கையில் கொடுக்கும்போது கம்பெனி மெக்கானிக் பானெட்டைத் திறந்து வைத்து விளக்கினார். வெளியே போகிற சூட்டுப் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அது அதே தண்டில் இருக்கிற இன்னொரு சக்கரத்தைச் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும். சின்ன இன்ஜினுக்குப் பெரிய இன்ஜின் பலம் வருவது அதனால்தான். அந்தத் தண்டு ஆயிலில் மிதந்துகொண்டு சுற்றுகிறது. "மலை ஏறி வந்த உடனே அணைச்சீங்கன்னா ஆயில் நின்னுடும், சக்கரம் நிக்காது. கொதிக்கிற சூட்டுல ஆயில் இல்லாம சுத்தும். அதனால ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு, அப்புறம் அணைங்க" என்றார்.

உமர் பாருக் இரண்டு முறை கேட்டு மனதில் வாங்கிக்கொண்டார். அம்மாவாசியும் தலையாட்டினார். காதில் விழாமல் இல்லை. வண்டியைப் பற்றித் தனக்கே ஒருவன் சொல்லிக் கொடுப்பதா என்றுதான் இருந்தது.

வண்டி என்னவோ தங்கம். லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலையில் ஏறும்போது, அம்பாசடர் மூச்சு வாங்கி நின்ற வளைவுகளில் இது முதுகைப் பிடித்துத் தள்ளியது. மெல்லிய விசில் ஒன்று உள்ளிருந்து கேட்டது. ஜெய்த்தூன் பீவி முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏப்பா அம்மாவாசி, மகளப் பாக்கத்தானே போறோம், மய்யத்தாவா போறோம்? மெதுவாப் போ" என்றார்.

முதல் நாள் உமர் பாருக்கே கூட இருந்தார். கடை வாசலும் ஸ்டாண்டும் எதிரெதிர். வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, "ஒரு நிமிஷம் ஓடட்டும்ணே" என்று சொல்லிவிட்டு இறங்கிக் கடைக்குள் போய்விட்டார். அம்மாவாசி ஓடவிட்டபடி உட்கார்ந்திருந்தார். ராஜபாண்டி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டுவது கண்ணாடியில் தெரிந்தது.

"என்ன மாப்ளே, வாங்குன அன்னைக்கேவா?"

ஸ்டாண்டு மொத்தமும் சிரித்தது. டீக்கடையில் டம்ளர் கழுவுகிற அய்யம்மாள்கூடச் சிரித்தாள். அம்மாவாசியின் காது மடல் இரண்டும் சுட்டன. காரணத்தைச் சொல்லியிருக்கலாம். இரண்டே வாக்கியம். ஆனால் சொன்னால், 'கம்பெனிக்காரன் சொன்னதக் கேட்டு ஓட்டுற டிரைவர் ஆயிட்டியா' என்பார்கள். சாவியைத் திருப்பினார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

மறுநாளிலிருந்து முதலாளி வண்டியில் இருந்தால் ஒரு நிமிடம். இல்லாவிட்டால் தபால் ஆபீஸ் முக்கு. குமுளியில் இன்னும் மோசம். மலை ஏறிய சூட்டோடு ஜெய்த்தூன் பீவியின் மகள் வீட்டு வாசலில் நிறுத்தி, நிறுத்திய கையோடு அணைத்துவிடுவார். அங்கே சிரிக்க யாருமில்லை. பழகிய கை, அவ்வளவுதான்.

முனீஸ்வரி பின்சீட்டிலிருந்து இதைக் கவனித்தாள். ஒருநாள் கேட்டாள்.

"மொதலாளி ஓடவிட்டு அணைக்கச் சொன்னாகள்ல?"

"நீ மருந்து குடுக்கிறத மட்டும் பாரு."

"நான் அதத்தான் பாக்குறேன். மாத்திரைய வேளைக்குக் குடுக்கச் சொன்னா வேளைக்குத்தான் குடுக்குறேன். எனக்கு வெக்கமா இருக்குன்னு பாதியா முழுங்கச் சொல்றதில்ல."

ஜெய்த்தூன் பீவி ஓதுகிற தஸ்பீஹ் மாலையின் மணியை உருட்டியபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

ஒரு வருடம் ஓடியது. விசில் சத்தம் மாறியது. முன்பு சீட்டியடிப்பது போலிருந்தது, இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது போல் ஆனது. காலையில் கிளப்பினால் பின்னால் நீலப்புகை வந்தது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியை இழுத்துப் பார்த்தார். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. ஆண்டிபட்டிப் பக்கம் போனபோது தெரியாத கடையில் ஆயில் டின் வாங்கி, விடியற்காலையில், வீட்டில் யாரும் எழுமுன் ஊற்றினார். குறைவதற்கு ஒரு பங்கு, பயத்துக்கு ஒரு பங்கு என்று அளவுக்கு மேலேயே ஊற்றினார்.

கட்டிலுக்கு அடியில் ஆயில் துணி கிடந்ததை முனீஸ்வரி பெருக்கும்போது எடுத்தாள்.

"வண்டி ஆயில் குடிக்குதா?"

"எந்த வண்டிதான் குடிக்கல?"

"ஆஸ்பத்திரியில சில பேரு இருமித் துப்புற ரத்தத்த கைலேஞ்சியில தொடச்சு தலகாணிக்கு அடியில வச்சுக்குவாக. கேட்டா வெத்தலைச் சாறும்பாக." அவள் துணியை வெளியே எறிந்தாள். "அவுக பொழச்சு நான் பாத்ததில்ல."

மெக்கானிக்கிடம் காட்டினால் முதல் கேள்வியே 'எப்படி அணைக்கிறீங்க' என்பதாக இருக்கும். அந்தக் கேள்விக்கு அவரிடம் இரண்டு பதில்தான் இருந்தது. ஒன்று பொய், மற்றொன்று தன் பெயரைத் தானே குப்பையில் போடுவது.

அது ஒரு வெள்ளிக்கிழமை. குமுளியிலிருந்து திரும்பி வந்தார்கள். ஜும்ஆ தொழுகை முடிந்து கடைவீதி நிறைய ஆள். தபால் ஆபீஸ் முக்கில் அம்மாவாசி வழக்கம்போலச் சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் அணையவில்லை.

சாவியை மறுபடி முன்னால் திருப்பிப் பின்னால் திருப்பினார். மரத்தடியில் போய் வண்டியை நிறுத்தினார், சாவியை உருவிக் கையில் எடுத்தும்விட்டார். அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது மட்டுமில்லை, யாரும் மிதிக்காமலே சத்தம் ஏறிக்கொண்டே போனது. டர்போவின் தண்டு தேய்ந்து, அதன் வழியே கசிந்த ஆயில் காற்றோடு சேர்ந்து இன்ஜினுக்குள் போக, வண்டி டீசலை விட்டுத் தன் ஆயிலையே தின்று ஓடிக்கொண்டிருந்தது. இது பிற்பாடு தெரிந்த விஷயம். அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம், கம்பத்திலேயே முதலில் அணைக்கிறவன் என்று பெயரெடுத்தவர் கையில் சாவி இருக்கிறது, வண்டி அணைய மாட்டேன் என்கிறது என்பதுதான்.

வெள்ளையும் நீலமுமாகப் புகை கிளம்பிக் காரை மூடியது. பின்சீட்டில் ஜெய்த்தூன் பீவி இருமினார்.

முனீஸ்வரி கதவைத் திறந்தாள். ஓடவில்லை, கத்தவில்லை. அக்குளில் கை கொடுத்து அவரை இறக்கி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு பார்வை பார்த்து, புகைக்கு எதிர்ப்பக்கமாக நடத்திக்கொண்டு போய் டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தாள். வெள்ளைத் துப்பட்டியைக் கழுத்தில் தளர்த்தினாள். முன்பக்கம் சாய்த்து, இரண்டு முழங்கையையும் முழங்காலில் ஊன்ற வைத்தாள். மூச்சிழுக்கும் மருந்தை வாயில் வைத்து அமுக்கினாள்.

"பேசாதீக. உள்ள இழுக்கிறதப் பத்திக் கவலைப்படாதீக. வெளிய விடுங்க. ஊதிவிடுங்க மெதுவா."

"முனீசு, இங்கன வா..." என்று அம்மாவாசி கூப்பிட்டார். எதற்குக் கூப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பிரேக்க மிதிச்சு டாப் கியரப் போட்டுக் கிளட்ச்ச விடுய்யா!" என்று ராஜபாண்டி கத்தினார். அம்மாவாசியின் கால் நகரவில்லை. உள்ளே இன்ஜின் வெடிக்கப்போகிற மாதிரி அலறியது. ராஜபாண்டி கதவைத் திறந்து அவரை வெளியே இழுத்துவிட்டு, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு உள்ளே ஏறினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார், பிரேக்கை அமுக்கினார், கடைசி கியரில் போட்டுக் கிளட்ச்சை விட்டார். கார் ஒரு முறை முன்னால் குதித்து, உடம்பெல்லாம் உதறி, நின்றது.

புகை கலைந்தபோது வீதியே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவாசி சாவியைப் பிடித்தபடி நடுவில் நின்றார். யாரும் சிரிக்கவில்லை. ராஜபாண்டிகூட.

உமர் பாருக் கடையிலிருந்து ஓடி வந்தார். முதலில் தாயாரிடம் போனார். முனீஸ்வரி, "மூச்சு எறங்குது, பயமில்ல" என்று சொன்ன பிறகுதான் காருக்கு வந்தார்.

"அண்ணே, ஓடவிட்டுத்தானே அணைக்கிறீக?"

"ஆமா மொதலாளி. ஒவ்வொரு தடவையும்."

நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. உமர் பாருக் அக்கம்பக்கம் பார்த்து, "அப்ப ஆயில்லதான் கோளாறு இருக்கணும். போன மாசம் யாரு மாத்துனது, ராக்கையாவா?" என்றார். ராக்கையா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆயில் மாற்றுகிற சின்னக் கடை வைத்திருப்பவர். கையில் வேஸ்ட் துணியோடு அவரும் கூட்டத்தில்தான் நின்றார்.

"அவருதான் ஊத்துனாரு" என்றார் அம்மாவாசி. "என்னத்த ஊத்துனாரோ, எனக்கென்ன தெரியும்."

ராக்கையாவின் முகம் செத்துப்போனது. "ஏலே அம்மாவாசி, டின்ன ஒன் முன்னாடிதானடா ஒடச்சேன்" என்றார். உமர் பாருக் அவரை நோக்கி இரண்டடி வைத்தார்.

"மொதலாளி" என்றாள் முனீஸ்வரி. பெஞ்சுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, ஜெய்த்தூன் பீவியின் மணிக்கட்டில் நாடி பார்த்துக்கொண்டிருந்தவள், விரலை எடுக்காமலே பேசினாள். "ஆயில் மேல குத்தமில்ல. இவரு ஓடவிடுறதில்ல. குமுளியில மல ஏறுன சூட்டோட அணைப்பாரு. இங்கன தபால் ஆபீஸ் முக்குலயே அணைச்சிருவாரு. ரெண்டு மூணு மாசமா ஆயில் கொறையுது. இவரே வாங்கி ஊத்துறாரு."

ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்ததும் நோயாளியின் விவரத்தை ஒப்பிப்பாளே, அதே குரல். கோபமில்லை, அழுகை இல்லை. அதனால்தான் யாராலும் மறுக்க முடியவில்லை.

உமர் பாருக் அம்மாவாசியைப் பார்த்தார். திட்டியிருக்கலாம். அவர் கையை மட்டும் நீட்டினார். அம்மாவாசி சாவியை அதில் வைத்தார். சாவி அவர் கை வேர்வையில் பிசுபிசுத்திருந்தது. முதலாளி சாவியைத் துடைத்துக்கொண்டு போனதை ஸ்டாண்டு மொத்தமும் பார்த்தது.

அன்றைக்கு வீட்டில் அம்மாவாசி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முனீஸ்வரி சோறு போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"அத்தன பேரு முன்னாடி சொல்லணுமாடி?"

"அத்தன பேரு முன்னாடிதான நீங்க ராக்கையா அண்ணன் பேரச் சொன்னீக?"

அவள் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். "வண்டிய நீங்க கெடுத்தீக, அதுக்கு மொதலாளி கேக்கட்டும். அந்த மனுசனுக்கு அந்தக் கடைதான் சோறு. கோளாறு ஒரு எடத்துல இருக்க, மருந்து வேற எடத்துல போட்டா யாருக்கு லாபம்? சாப்பிடுங்க. பட்டினி கெடந்தா சரியாப் போகாது."

வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தவரை அம்மாவாசி வெளியே அதிகம் போகவில்லை. போனாலும் ராக்கையா கடையைத் தவிர்த்து மார்க்கெட் சந்து வழியாகச் சுற்றிப் போனார். மன்னிப்புக் கேட்கக் கிளம்பி இரண்டு தடவை சந்தோடு திரும்பினார். அவ்வளவு பேர் பார்க்கச் செய்த பாவத்தைத் தனியாகப் போய்க் காதோரம் கழுவிவிட முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவு பேர் பார்க்கச் சொல்லத் தைரியமில்லை என்பதும் தெரிந்திருந்தது.

புது டர்போ போட்டு வண்டி வந்தது. உமர் பாருக் வேறு டிரைவர் தேடினார். அப்போது ஜெய்த்தூன் பீவி கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னார்:

"அம்மாவாசியையே வரச் சொல்லு."

"அம்மா, மூஞ்சிக்கு நேரா பொய் சொன்ன ஆளு."

"அதான் சொல்றேன். இந்த ஆளு தப்பப் பண்ணி முடிச்சிட்டாரு. புதுசா வர்றவன் இனிமேத்தான் பண்ணணும். எனக்கு இருக்கிற மூச்சுக்கு இன்னொரு பொகை தாங்காது."

அம்மாவாசி வந்து வாசலில் நின்றார். எதையோ சொல்லத் தொண்டையைச் செருமினார். அந்த அம்மாள் கையமர்த்தினார்.

"அழுவுறதுன்னா அங்கன போயி அழுதுட்டு வா. வண்டிய நிறுத்துனதும் நான் தஸ்பீஹ் உருட்டுவேன். ஒரு சுத்து ஓதி முடிச்சு, 'ம்'முன்னு சொல்ற வரைக்கும் சாவியில கை வைக்கக் கூடாது. அவ்வளவுதான்."

முதல் வெள்ளிக்கிழமை வேப்பமரத்தடியில் நின்றது வண்டி. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் மணி உருண்டது. ஸ்டாண்டில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்காதது போல் திரும்பிக்கொண்டார்கள். ராஜபாண்டி எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டியிருந்தால் நன்றாக இருக்கும் என்று அம்மாவாசிக்குத் தோன்றியது. அவர் எழவில்லை. கேலி செய்யக்கூட லாயக்கில்லாத ஆளாகிவிட்டோம் என்பது புரிந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ம்" என்று சத்தம் வந்தது. அணைத்தார்.

அப்படியே வருடங்கள் போயின. வருகிற வண்டியெல்லாம் டர்போ வண்டியாகவே வந்தது. ராஜபாண்டியே ஒன்று வாங்கினார். நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைப்பது ஸ்டாண்டின் சட்டமாகிவிட்டது. படக்கென்று அணைக்கிறவனைத்தான் இப்போது கேலி செய்தார்கள். அந்த ஒரு நிமிடத்தில் மற்ற டிரைவர்கள் தலை சீவினார்கள், போன் பேசினார்கள். அம்மாவாசிக்கு மட்டும் காது மடல் சுட்டது.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு வெள்ளிக்கிழமை. அம்மாவாசி மரத்தடியில் இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். தேக்கடிக்குப் போகிற வெளியூர்க் கார் ஒன்று டீ குடிக்க நின்றது. அதன் டிரைவர் வந்ததும் அணைத்துவிட்டு இறங்க, ராஜபாண்டி அவனைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, டர்போ வண்டிய இப்படியா அணைக்கிறது? அந்தா பாரு, எங்க அம்மாவாசி. இந்த ஸ்டாண்டுல மொதமொதல்ல ஓடவிட்டு அணைச்சது அவருதான். அவரப் பாத்துத்தான் நாங்கல்லாம் பழகுனோம்."

நக்கலா, மறந்தே போனாரா, இல்லை நல்ல மனதோடு சொன்னாரா? முகத்தைப் பார்த்தால் நல்ல மனதோடு சொன்ன மாதிரிதான் இருந்தது. இத்தனை வருடம் கழித்துப் பெயரைத் திருப்பிக் கொடுக்கிறார். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் முடிந்தது. அம்மாவாசி கண்ணாடியில் பார்த்தார். முனீஸ்வரி மருந்துப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள், அவரைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம், தன் கடை வாசலில், ராக்கையா கை துடைத்துக்கொண்டு நின்றார்.

ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"அப்படியில்ல தம்பி" என்றார். "மொதமொதல்ல கெடுத்தது நான். சிரிப்பாகன்னு வெக்கப்பட்டு அணைச்சு அணைச்சு, டர்போவக் கொன்னுட்டேன். வண்டி அணையாமப் பொகைய கக்குச்சு. இந்த அம்மா மூச்சு நிக்கப் பாத்துச்சு. கேட்டதுக்கு அந்தா நிக்கிற ராக்கையா ஊத்துன ஆயிலுன்னு பொய் சொன்னேன். அவரு மேல ஒரு குத்தமும் இல்ல."

வெளியூர் டிரைவர் டீ டம்ளரோடு முழித்தான். ராஜபாண்டி துண்டை எடுத்துத் தோளை மாற்றிப் போட்டுக்கொண்டார். ராக்கையா கை துடைப்பதை நிறுத்தினார்.

"இதச் சொல்றதுக்கு இத்தன வருசமாடா?" என்றார்.

உள்ளே போய்விட்டார். சிரித்துக்கொண்டு போகவில்லை, முறைத்துக்கொண்டும் போகவில்லை. அம்மாவாசிக்கு மனசு லேசாகும் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால், ஆகவில்லை. காது இன்னும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது.

"ஏப்பா" என்றார் ஜெய்த்தூன் பீவி பின்னாலிருந்து. "'ம்'முன்னு சொல்லி எவ்வளவு நேரமாச்சு. அணை. டீசல் வீணாகுது."

அம்மாவாசி சாவியைத் திருப்பினார். வண்டி அணைந்தது. முனீஸ்வரி இறங்கி, அந்த அம்மாளுக்குக் கை கொடுத்தாள்.